டிக்கட் 200ஆ, 300ஆ, இல்லாட்டி சும்மா விடுறதா? கீழ்ப்பிரிவுக் கழகத்தின் கேட் கணக்கு

ஜிந்துப்பிட்டி_இடதுகால்:

கொழும்பு வடக்குப் பக்கத்துக் கழகம், கீழ்ப்பிரிவு லீக். சொந்த மைதானம் இல்லை, மெட்சுக்கு மெட்ச் வாடகை. இந்தப் பருவத்தில் எங்கள் பொறுப்பில் நடக்கும் ஆட்டம் 7. டிக்கட் 200 ரூபா, எல்லாருக்கும் ஒரே விலை. போன ஆட்டத்தில் கண்ணளவுக்கு 300 பேர் நின்றார்கள். பெட்டியை எண்ணினால் 18,000 ரூபா, அதாவது 90 டிக்கட்.

செயற்குழுவில் இப்ப இரண்டு கட்சி. ஒரு கட்சி 300 ஆக்கச் சொல்லுது. மற்றக் கட்சி கேட்டைத் திறந்து விடுவோம், சனம் நிறைந்தால் பனர் விளம்பரத்தில் எடுக்கலாம் என்குது. உதைபந்தாட்டக் கழக நிர்வாகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: விலையை எங்கே வைப்பது, கூட்டத்தை எப்படிக் கூட்டுவது? பொதுவான அறிவுரை வேண்டாம், கேட்டில் நாளைக்கே செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

கணக்குப்பிள்ளை_13:

தம்பி, உங்கள் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. 300 பேரில் 210 பேர் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் 300 ஆக்கினால், ஒழுங்காகக் காசு கொடுத்த அந்த 90 பேருக்குத்தான் தண்டனை.

முதலில் எண்ணுங்கள். கையில் அமுக்கும் எண்ணி (கவுண்டர்) இரண்டு வாங்குங்கள். ஒன்று கேட் வழியாக நுழையும் ஒவ்வொரு தலைக்கும், மற்றது டிக்கட் இல்லாமல் நுழையும் தலைக்கு மட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா இரண்டு இலக்கத்தையும் நேரத்தோடு கொப்பியில் எழுத வேண்டும். எழுதுகிற ஆள் கழகத்துப் பையனாக இருக்கக் கூடாது, அவனுக்குத் தெரிந்த முகம் நிறைய. ஒரு ஆட்டத்துக்குச் செய்து பாருங்கள், ஓட்டை எது என்று கொப்பியே சொல்லும்.

வழக்கமான ஓட்டைகள் நாலு. ஒன்று, எதிரணி 'ஸ்டாஃப்' என்று சொல்லிக் கொண்டு வரும் முப்பது பேர். எதிரணிக்கு 25 பேர், அதற்கு மேல் டிக்கட் என்று இரண்டு நாளுக்கு முன்பே எழுதி அனுப்புங்கள், பெயர்ப் பட்டியலைக் கேட்டில் ஒட்டுங்கள். இரண்டு, வீரர்களின் கூட்டாளிமார். வீரருக்குத் தலா 2 சீட்டு, வேறு நிறத்தில், இலக்கத்தோடு. மூன்று, மதில். அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்த முடியாவிட்டால் மதிலை மறந்து விடுங்கள், அதில் ஏறி வருகிறவன் 100 ரூபாவுக்கும் வாங்க மாட்டான்.

நாலாவதுதான் பெரியது: ஹாஃப் டைம். இடைவேளையோடு கேட்டில் நிற்கிறவர் மேசையை மடித்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விடுவார். அது ஊருக்கே தெரியும். எதிரே தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீயை ஆற ஆறக் குடித்துக் கொண்டு, விசில் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஒரு கூட்டம் இருக்கும். முதல் பாதி விசில் அடித்தவுடன் கப்பை வைத்துவிட்டு ரோட்டைக் கடக்கும். 45 நிமிஷம் பொறுத்தால் 200 ரூபா மிச்சம் என்றால் யார்தான் பொறுக்க மாட்டார்கள்? இதற்கு மருந்து கேட்டைப் பூட்டுவதில்லை. இடைவேளையிலிருந்து 60ஆவது நிமிஷம் வரை 100 ரூபாச் சீட்டு, அதற்குப் பிறகு திறப்பு. 100 கொடுத்துப் பழகின ஆளில் பாதி, இரண்டு மூன்று ஆட்டத்தில் முதல் பாதிக்கே வரும்.

இனிக் கேட் வேலை. விற்கிறவரும் கிழிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. விற்கிறவர் மேசையில், கிழிக்கிறவர் வாசலில், இடையில் ஏழெட்டு அடி. 100 தாள் புத்தகம், அடிக்கட்டையோடு, தொடர் இலக்கத்தோடு. வாசலில் சீட்டின் மூலையைக் கிழித்துப் பூட்டின பெட்டிக்குள் போட வேண்டும், மற்றத் துண்டு ஆளிடமே இருக்கும். அடிக்கட்டை, பெட்டியிலுள்ள மூலை, கையிலுள்ள காசு, மூன்றும் ஒத்து வர வேண்டும். அடிக்கட்டை 90, மூலை 70 என்றால் கிழிக்காத 20 சீட்டு வெளியே திரியுது, அடுத்த ஆட்டத்தில் திரும்ப வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டில் 1, 2, 3 என்று றப்பர் முத்திரை குத்துவது. அச்சுக்கூலி ஏறாது, முத்திரை மை மட்டும்தான் செலவு.

ஒரு மேசையில் காசு வாங்கி மீதி கொடுக்க ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு செக்கன் போகும். நிமிஷத்துக்கு ஐந்து பேர். கூட்டத்தில் பெரும்பகுதி கடைசி 15 நிமிஷத்தில்தான் வரும், ஒரு மேசை அதற்குள் 75 பேரைத்தான் அனுப்பும். பந்து உருளத் தொடங்கின பிறகும் வரிசை நின்றால் கேட்காரன் மனம் இளகி "போங்க போங்க" என்று விட்டுவிடுவான். ஆகவே இரண்டு மேசை.

மாபோலை_மணி:

கணக்குப்பிள்ளை அண்ணர் சொன்னதோடு ஒன்று: விலையை நோட்டைப் பார்த்து வையுங்கள். 150, 250 என்று வைத்தால் 50 ரூபாத் தாளுக்கு நாய்படாப் பாடு. 100, 200, 500 மூன்றும்தான் கேட்டுக்குச் சரி. 200 ரூபாச் சீட்டுக்கு 500 நீட்டினால் மூன்று நூறு திரும்பப் போக வேண்டும். மேசைக்கு 8,000 ரூபா சில்லறை வையுங்கள்: நூறு 40, ஐந்நூறு 8. தொடங்க முன் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து வைக்க வேண்டும், முடிவில் இந்த 8,000ஐக் கழித்துவிட்டுத்தான் வசூலை எண்ண வேண்டும். இது எழுதாத இடத்தில்தான் "நான் போட்ட சில்லறை எங்கே" என்று சண்டை வரும்.

போனால் காசு செலுத்தும் லங்கா கியூஆர் ஒட்டி வைப்பது நல்லதுதான், ஆனால் தனி வரிசையில் வையுங்கள். சிக்னல் இழுபடும்போது ஒருவர் போனை ஆட்டிக் கொண்டு நிற்பார், பின்னால் காசோடு இருபது பேர் நிற்பார்கள். காட்டுகிற ஸ்கிரீன்ஷொட்டை நம்ப வேண்டாம், பழைய படத்தைக் காட்டிப் போகிற ஆட்களும் உண்டு. கழகத்தின் போனுக்குச் செய்தி வந்த பிறகு சீட்டைக் கொடுங்கள்.

300 ஆக்குகிற கட்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. 18,000ஐ 300ஆல் பிரித்தால் 60. அதாவது 90 பேரில் 30 பேர் வராமல் விட்டாலும் பெட்டிக்கு அதே காசு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 30 பேரும் வடை, ரோல்ஸ், தேத்தண்ணி வாங்குகிற ஆட்கள். கடைக்காரர் இடத்துக்குத் தருகிற காசு தலையை எண்ணித்தான். ஒரே விலையை உயர்த்துவதை விட இரண்டு விலையாகப் பிரியுங்கள்.

கொழும்பில் பின்னேரம் மூன்றரைக்கு ஒரு ஆள் எதற்குக் காசு கொடுப்பான்? பந்துக்கு இல்லை, நிழலுக்கு. கோல் கம்பங்கள் அநேகமாக வடக்குத் தெற்காக இருக்கும். மேற்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு வெயில் முதுகில். கிழக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆட்டம் முடியும் வரைக்கும் நேரே கண்ணில், கையைப் புருவத்தில் வைத்துக் கொண்டுதான் பார்க்க வேண்டும். மேற்கில் கூரையுள்ள பகுதி எவ்வளவு என்று அளந்து கதிரை போடுங்கள். அந்தக் கதிரை 500, திறந்த பக்கம் 200 அப்படியே. கூரை இல்லாத மைதானம் என்றால் 20 அடிக்கு 20 அடிக் கூடாரம் ஒன்றில் நெருக்காமல் 50 கதிரை போடலாம். அதில் 40 விற்றால் 20,000. இப்ப உங்கள் முழு வசூலே 18,000. கூடார வாடகையைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், எல்லா ஆட்டத்துக்கும் கட்டுப்படியாகாது.

குடும்பத்துக்கு ஒரு சீட்டு: இரண்டு பெரியவர், கூட வரும் பிள்ளைகள், 500. ஒரே தாள், மீதி இல்லை. ஆனால் பெண்களுக்கான கழிவறைக்குக் கொளுக்கி, பல்ப், தண்ணீர் மூன்றும் இருக்கா என்று காலையிலேயே பார்க்காமல் குடும்பச் சீட்டு விற்காதீர்கள். ஒருக்கா வந்துவிட்டு மறுபடி வர மாட்டார்கள்.

கொம்பனித்தெரு_நானா:

விலையெல்லாம் பிறகு. நேரம் யார் போடுறது?

சனிக்கிழமை 4 மணி என்று போடுவாங்க. சனிக்கிழமை இங்கிலாந்து லீக்கின் முதல் ஆட்டம் அவங்க நேரம் 12.30க்கு. அங்கே கோடை நேரம் இருக்கும் மாதங்களில், ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் கடைசி வரைக்கும், பிறகு மார்ச் கடைசியிலிருந்து பருவம் முடியிற வரைக்கும், அது நம்ம நேரம் சரியா 5 மணி. குளிர்கால நேரத்துக்கு 6 மணி. நீங்க 4 மணிக்குத் தொடங்கினா இடைவேளை முடிஞ்சு பந்து மறுபடி உருளுறது 5.00க்கும் 5.05க்கும் இடையில. கலரியில பாதிப் பேர் குனிஞ்சு போன் பார்ப்பாங்க, மற்றப் பாதி வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஞாயிறு 3.30 போடுங்க. 90 நிமிஷம், இடைவேளை 15, கூட்டின நேரம் எல்லாம் சேர்த்து 5.20, 5.25க்கு முடியும். அந்த நேரத்துல அங்கே பெரும்பாலும் ஒண்ணும் தொடங்கியிருக்காது. நவம்பர்ல ஆறு மணிக்கு முந்தியே சூரியன் விழுந்துடும், விளக்கில்லாத மைதானத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நோன்பு மாதம் வந்தா வேற கணக்கு. 3.30 ஆட்டம் 5.25க்கு முடிஞ்சா வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க நேரம் இருக்கு, பார்க்குறவங்களுக்குப் பிரச்சினை இல்ல. ஓடுறவனுக்குத் தண்ணி இல்லாம அந்த வெயில் கஷ்டம். அந்த மாதத்துல உங்க பொறுப்பில் வரும் ஆட்டத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளக் கேட்டு லீக்குக்கு அட்டவணை வெளிவர முந்தியே எழுதுங்க, பிறகு கேட்டா நடக்காது.

மார்ச்சில் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் மெட்ச் வார இறுதிகளை விட்டுடுங்க. றோயல் தோமியன் நடக்குற மூன்று நாளும் கொழும்புல வேற எதுக்கும் சனம் வராது. வெசாக், பொசன் போயா நாளும் வேணாம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நடக்குற கிழமைகளில பாடசாலைப் பையன்கள் இல்ல. இவ்வளவையும் கழிச்சாலும் 7 ஆட்டத்துக்கு நாள் மிஞ்சும்.

இன்னொண்ணு. 2021இல் சுப்பர் லீக் தொடங்கிச்சு, அதுக்குப் பிறகு 2023 ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இலங்கை உதைபந்தாட்டத்துக்குப் பிஃபா இடைநிறுத்தம். இந்த இழுபறியில, எந்த நாளில மெட்ச் இருக்குங்கிற பழக்கமே சனத்துக்கு விட்டுப் போச்சுன்னு நான் நினைக்கிறேன். அதனால ஏழு ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமையிலயே, ஒரே நேரத்துல வரணும். போஸ்டர்ல 'மாலை' என்று போடாதீங்க, '3.30' என்று போடுங்க. சலூன், தேத்தண்ணிக் கடை, திரீவீல் தரிப்பிடம், இந்த மூணு இடம் போதும். தமிழ், சிங்களம் ரெண்டும் இருக்கணும்.

வெள்ளவத்தை_விங்கர்:

நான் இலவசக் கட்சி. 18,000 ரூபாவுக்காக இரண்டு மேசை, நாலு ஆள், அச்சு, முத்திரை, சண்டை. திறந்து விட்டால் 600 பேர் வருவார்கள், பனர் விளம்பரத்தில் இதைவிடக் கூட எடுக்கலாம். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிற்றி மூன்றாம் பிரிவில் இருக்கும்போது, 2015-16 பருவத்துக்குப் பெரியவர்களின் பருவ அட்டையை 149 பவுணுக்கு இறக்கினது. சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டம், ஆட்டத்துக்கு ஆறரைப் பவுண் கூட வராது. 18,000 அளவில் அட்டை போச்சு. மலிவாக்கினால் சனம் வரும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை_13:

விங்கர், உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்லுது. பிராட்ஃபோர்ட் விலையை இறக்கினது, சும்மா விடவில்லை. காசைப் பருவம் தொடங்க முதலே வாங்கினது. அவர்களிடம் 25,000 பேர் இருக்கக்கூடிய வலி பரேட் மைதானம் இருக்கு, காலியாகக் கிடக்கும் கதிரைக்கு வரும் எந்தக் காசும் லாபம். இங்கே வாடகை மைதானம், அதில் கூரைக்குக் கீழே இருப்பதோ கொஞ்ச இடம். இரண்டும் ஒன்றில்லை.

அதோடு, இங்கிலாந்தில் பல கழகங்கள் அறிவிக்கிற தொகை விற்ற சீட்டின் தொகை. அட்டைக்காரர் வீட்டில் படுத்திருந்தாலும் வந்ததாகத்தான் கணக்கு. பனர் தருகிற கடைக்காரரிடம் அந்த மாதிரிக் கணக்கோடு போனால் ஒரு வருஷம்தான் ஏமாற்றலாம். அவர் கேட்பது எத்தனை தலை, எத்தனை குடும்பம், எந்தப் பகுதி என்று. எண்ணிக் கொப்பியோடு போனால் 300 தலைக்கே விலை பேசலாம். கேட்டைத் திறந்துவிட்டு "600 பேர் வந்தாங்க" என்றால் யார் எண்ணினது என்று கேட்பார்.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப் போகிறேன்: பருவத்தின் முதல் ஆட்டம் இலவசமாக இருக்கலாம். ஆனால் சீட்டோடு. வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுக்கும் சீட்டு, பின்புறத்தில் மிச்ச 6 ஆட்டத்தின் திகதி. வாசலில் அதையும் கிழித்து எண்ணுங்கள். வெறும் 'அனைவரும் வருக' போஸ்டருக்கு யாரும் நாளை ஒதுக்க மாட்டார்கள், கையில் சீட்டு இருந்தால் ஒரு யோசனையாவது வரும்.

பருவ அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எல்லா ஆட்டத்துக்கும் காசு என்று வைத்தால் 7 ஆட்டம், 200 வீதம் 1,400. அட்டை 1,000. ஐந்து ஆட்டத்துக்கு வந்தால் சரிக்குச் சரி, மற்ற இரண்டும் கொசுறு. 60 அட்டை விற்றால் முதல் விசிலுக்கு முன்பே கையில் 60,000. மைதான வாடகை முற்பணத்துக்கு அதுதான் உதவும். விற்கிற வழி: செயற்குழு ஆள் ஒவ்வொருவருக்கும் 5 அட்டை, திரும்பத் தரும் திகதியோடு. காசு வராத அட்டையைத் திருப்பி வாங்குங்கள், 'பிறகு தாறேன்' என்று ஒன்றைக் கூட விடாதீர்கள். அட்டையில் 1 முதல் 7 வரை கட்டம் போட்டு, வாசலில் துளையிடும் கருவியால் ஒன்றைக் குத்துங்கள். படம் ஒட்டத் தேவையில்லை, அண்ணன் வராத நாளில் தம்பி வரட்டும். கட்டம் குத்தினால் ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான் நுழையலாம்.

மாபோலை_மணி:

கூட்டத்தைக் கூட்ட ஒன்று கட்டாயம் வேலை செய்யும்: சின்னப் பிள்ளைகளின் ஆட்டம். 10 வயதுக்குட்பட்ட இரண்டு அணி, பக்கத்துக்கு ஏழு பேர், மாற்று ஆட்களோடு 20 பிள்ளைகள். அம்மா, அப்பா, மாமா என்று பிள்ளைக்கு ஒருவராவது வருவார், அவர்கள் 200 கொடுப்பார்கள். இடைவேளையில் வைக்க வேண்டாம். 15 நிமிஷத்துக்குள் ஏற்றி இறக்க முடியாமல் மத்தியஸ்தர் விசிலடித்துக் கொண்டு நிற்பார். 2.40க்குத் தொடங்குங்கள், பத்து நிமிஷம் வீதம் இரண்டு பாதி, 3.05க்கு மைதானம் காலி. பெற்றோர் இரண்டரைக்கே உள்ளே வந்துவிடுவதால் கடைசி நேர வரிசையும் குறையும். பாதி மைதானத்தில் குறுக்கே விளையாட விடுங்கள், பிரதான கோல் வாசலுக்கு முன்னால் புல் பிய்யாது.

ஜிந்துப்பிட்டி_இடதுகால்:

எல்லாருக்கும் நன்றி. இடைவேளை விஷயம் அப்படியே எங்கள் கேட்தான், கண்ணால் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சந்தேகம். டிக்கட் விற்றால் மாநகர சபைக்கு வரி என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உண்மையா? அடுத்தது மழை. ஆட்டம் நின்றால் காசைத் திருப்பிக் கேட்பார்களே?

நகரமண்டப_வாசல்:

உண்மை. களியாட்ட வரி. 1946ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபை அறவிடுவது. காசு வாங்கி உள்ளே விடுவதுதான் இதில் விஷயம், கூட்டம் சின்னதா பெரிதா என்பதில்லை. எந்தச் சபை என்பது மைதானம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது, கழக விலாசத்தைப் பொறுத்ததில்லை. கொழும்பு எல்லைக்குள் என்றால் நகர மண்டபம். களனிப் பக்கம் மைதானம் எடுத்தால் அங்குள்ள பிரதேச சபை.

நடைமுறை இப்படி: அச்சடித்த டிக்கட்டை விற்க முன் சபைக்குக் கொண்டு போய் இலக்கத்தைப் பதிந்து முத்திரை வைக்க வேண்டும். வரிக்கு ஈடாக ஒரு வைப்புப் பணம் கேட்பார்கள். ஆட்டம் முடிந்து விற்காத டிக்கட்டைத் திருப்பிக் காட்டினால், விற்றதற்குரிய வரியைக் கழித்து மிச்சத்தைத் தருவார்கள். இங்கேதான் பலர் பிழைவிடுவது: 90 விற்கும் ஆட்டத்துக்கு 1,000 டிக்கட்டை முத்திரைக்குக் கொண்டு போவார்கள், வைப்புப் பணம் அத்தனைக்கும் முடங்கும். 300 போதும். விற்காத தாளைப் புத்தகத்திலிருந்து பிய்க்காமல் வையுங்கள், உதிரியாகக் கொண்டு போனால் எண்ணுகிறவருக்கும் வெறுப்பு, உங்களுக்கும் பாதி நாள் போகும். பருவ அட்டையும் நுழைவதற்கு வாங்கும் காசுதான், அதையும் முதலிலேயே காட்டிப் பேசுங்கள். 'நன்கொடை' என்று பெயர் மாற்றிக் கட்டாயமாக வாங்கினாலும் அது டிக்கட்தான். வசூல் முழுவதும் தரும காரியத்துக்கு என்றால் விலக்குக் கேட்கலாம், ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல், போட்டி விதியை எடுத்து வாசியுங்கள். கேட் வசூல் யாருக்கு என்று அதில் இருக்கும். ஒரே மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால் ஒரு டிக்கட்டில் இரண்டையும் பார்ப்பார்கள், மற்றக் கழகத்தோடு பங்கை முன்னாலேயே எழுதிக் கொள்ளுங்கள். பொலிஸ் தேவையென்றால் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கிழமைக்கு முன் கடிதம், பிரதியில் பெற்றுக் கொண்ட முத்திரை.

கொம்பனித்தெரு_நானா:

மழைக்கு: ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேர இடி மழை அநேகமா மூணு நாலு மணிக்குத்தான் இறங்கும். அந்த மாதங்கள்ல ஆட்டம் நடக்காம போகும்னு எண்ணியே டிக்கட் அச்சடிங்க. பின்பக்கத்துல ரெண்டு வரி: ஆட்டம் தொடங்காவிட்டால் இச்சீட்டு மறு திகதிக்குச் செல்லும். தொடங்கிய பின் நின்றால் பணம் திருப்பப்பட மாட்டாது. வாசல்லயும் பெரிசா எழுதி வைங்க, டிக்கட்டுக்குப் பின்னால யாரும் வாசிக்கிறதில்ல.

மூலை கிழிச்ச சீட்டு மறு நாளைக்குச் செல்லுபடியாகணும்னா இலக்கம் தெரியணும். அதனால மூலையில இலக்கத்தை அச்சடிச்சு, அதே இலக்கம் மற்றத் துண்டுலயும் இருக்கட்டும். மறு திகதிக்கு அந்தச் சீட்டோட வாறவங்களை வேற எண்ணியில எண்ணுங்க, இல்லாட்டி அன்றைக்குப் பெட்டியில காசு குறையுதுன்னு கேட்ல நின்ற பாவப்பட்டவனைப் பிடிப்பாங்க. பெட்டியைக் கூரைக்குக் கீழ வைங்க. நனைஞ்ச மூலைகள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கும், அவசரப்பட்டுப் பிரிச்சா கிழியும். மின்விசிறிக்குக் கீழ பேப்பர்ல பரப்பி, காய்ஞ்ச பிறகு அடுத்த நாள் காலையில எண்ணுங்க.